ஸஹ்ராவின் சிங்களம்

"சத்தியமாச் சொல்றேன் மங்களம், எங்க குசினியில வேற யாரோ பேசுறாங்க."

"யாரு?"

"யாருன்னு தெரிஞ்சா நான் ஏன் இப்படி நடுங்குறேன்? வாய் ஸஹ்ராட வாய். பேச்சு அவட பேச்சு இல்ல."

மங்களேஸ்வரி தையல் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். பலாபத்வலயில் யாழ்ப்பாண ரோட்டை ஒட்டி, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகள் அவை. ஒன்றில் மங்களேஸ்வரி தைத்துக்கொண்டிருந்தாள். மற்றதில் றுஸ்னா, பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டத்துக்குக் கராம்பும் ஏலமும் பொறுக்கிப் பொதி கட்டிக் கொடுப்பவள், தம்பியின் மனைவி ஸஹ்ராவோடும் கைக்குழந்தை ஷிஃபானோடும் இருந்தாள். தம்பி அம்ஹர் மரக்கறி லொறி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான்.

"என்னா பேசுனா?"

"சிங்களத்துல பேசினா."

மங்களேஸ்வரி சிரித்துவிட்டாள். "அடியாத்தி! சிங்களத்துல பேசுறவங்கல்லாம் பேய்ன்னா, நாம மாத்தள பஸ்ல ஏறவே முடியாதுங்களே. கண்டக்டரு என்னா, பெரிய பிசாசா?"

"பகிடி பண்ணாத. கண்டக்டர் டிக்கட் எடுக்கச் சொல்லிப் பேசுறான். இவ யாருகிட்டப் பேசுறா? குசினியில அடுப்புத்தான் ஈக்குது, ஆளே இல்ல. செவரப் பார்த்துப் பேசுறா."

"என்னான்னு?"

றுஸ்னா வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "'மட்ட பேனவா'ன்னா."

என் கண்ணுக்குத் தெரியுது.

"பொறகு 'மட்ட எஹெனவா'ன்னா."

எனக்குக் கேக்குது.

மங்களேஸ்வரியின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்புறம்?"

"அப்புறம் சொன்னதுலதான் நான் இங்க ஓடி வந்தேன். 'மம மெத்தன இன்னே'ன்னா."

நான் இங்கதான் இருக்கேன்.

மங்களேஸ்வரி மெஷின் விளக்கை அணைத்தாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. மத்தியானம்தான், ஆனால் பொழுது சாய்ந்தது போல இருந்தது.

"றுஸ்னா, நான் ஒன்னு கேக்குறேன், கோவிச்சிக்காதீங்க. யட்டவத்தயில ஸஹ்ரா தாய் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சிங்கள அம்மா..."

"பேரச் சொல்லாத!"

"சொல்லல, சொல்லல."

சொல்லாவிட்டாலும் இருவருக்கும் தெரியும். குசுமாவதி. நவம்பர்ப் புயல் மழையில் யட்டவத்தப் பக்கம் மலை சரிந்து இறங்கியபோது ஸஹ்ரா பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீட்டில் இருந்தாள். தாய் முற்றத்தில் நின்றதால் தப்பினாள், இப்போது நாவுலயில் உறவினர் வீட்டில் இருக்கிறாள். ஸஹ்ராவும் பிறந்து சில நாளான குழந்தையும் சுவருக்கும் அலுமாரிக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்கள். விடிந்த பிறகுதான் தோண்டி எடுத்தார்கள். அடுத்த வீட்டுக் குசுமாவதியை எத்தனை தோண்டியும் எடுக்க முடியவில்லை. அந்த இடத்தில் இப்போது புல் முளைத்திருக்கிறது என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

"இன்னொன்னும் இருக்கு மங்களம். அவ எல்லாத்தையும் மோந்து பார்க்குறா. கறிவேப்பிலையக் கசக்கி மோந்து பார்க்குறா. புள்ளட தலைய மோந்து பார்க்குறா. ரோட்டுல பெரிய லொறி போனா அரிசிச் சட்டிக்குள்ள கைய விட்டுக்கிட்டு அப்படியே நிப்பா. கண்ணு மட்டும் சுத்திச் சுத்திப் போகும், ஏதோ புதுசா வீடு பார்க்க வந்தவ மாதிரி. என்ட கராம்புல தெனமும் குறையுது. பார்த்தா இவ கன்னத்துல அடக்கி வெச்சிருக்கா."

"கராம்பையா? காரமில்லியா?"

"கண்ணுல தண்ணி வடியுது, துப்ப மாட்டேங்குறா."

மங்களேஸ்வரி சாமிப் படத்தின் பக்கம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"புள்ள இப்ப யாருகிட்டங்க இருக்கு?"

றுஸ்னா அப்போதுதான் எழுந்து ஓடினாள்.

*

"தம்பி, நீ எங்க இருக்க?"

"தம்புள்ளையில ராத்தா. சாமான் ஏத்துறோம். ஏன் மூச்சு வாங்குது?"

றுஸ்னா அறைக்குள் நின்று, ஒரு கையில் ஃபோனும் மறு கையில் குழந்தையுமாக, எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் யாரோ மரக்கறி மூட்டையை எண்ணுகிற சத்தம் மட்டும் வந்தது.

"எனக்கும் ஒரு நாள் கேட்டிச்சு ராத்தா," என்றான் கடைசியில். "குளிக்கிற எடத்துல. நான் ரேடியோன்னு நெனச்சேன்."

"எனக்கு ஏன்டா சொல்லல்ல?"

"பயத்துலதான்."

பேய்க்கு ஓதிப் பார்க்கும் இத்ரூஸ் லெப்பைக்கு அவனே பேசிவிட்டு மறுபடி அழைத்தான். "லெப்பை நாவுலயில ஈக்குறாராம். நாளைக்கு மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து ஓதிப் பார்க்குறேன்னாரு. பார்க்காம ஒண்ணும் சொல்ல மாட்டாராம்."

"நாளைக்கா? இன்டைக்கு நான் என்னா செய்யுற?"

"புள்ளய அவகிட்டக் குடுக்காதீங்க. என் மேல ஆணை ராத்தா. கதவப் பூட்டிக்கிட்டு வெச்சிக்கங்க. லெப்பை ஏதும் ஈக்குதுன்னு சொன்னாருன்னா, அவள நாவுலைக்கு அவட உம்மாகிட்ட அனுப்பிடுவோம். ஷிஃபான் ஒங்ககிட்ட வளரட்டும்."

"தாய்ப்பால் குடிக்கிற புள்ளடா!"

"அந்தப் பால நெனச்சித்தான் ராத்தா எனக்கும் பயம்," என்றான் அம்ஹர்.

றுஸ்னா அறைக் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்தப் புயலில் ஜன்னல் கண்ணாடி உடைந்த நாளிலிருந்து அங்கே பலகை அடித்திருந்ததால், அந்த அறைக்கு வெளிச்சம் பல்பு ஒன்றுதான். கராம்பு மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். ஷிஃபான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, வாயில் வைத்துச் சப்பினான்.

கொஞ்ச நேரத்தில் காலடி வந்தது.

"மதினி."

றுஸ்னா இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மதினி, புள்ளைக்குப் பசிக்கிற நேரம்."

"போத்தல்ல கரைச்சிக் குடுத்தேன்."

"அவன் போத்தல் குடிக்க மாட்டானே."

குடிக்கவில்லைதான். துப்பிவிட்டான். பால் அவள் மடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கதவத் தொறங்க மதினி."

"நாளைக்குத் தொறக்குறேன்."

"நாளைக்கா? ஏன் நாளைக்கு?"

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. கைப்பிடி ஒருமுறை மெல்லத் திரும்பி நின்றது. றுஸ்னா குழந்தையை இறுக்கிக்கொண்டு ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினாள். பாதியில் அடுத்த சொல் வரவில்லை. சின்ன வயதிலிருந்து ஓதுகிற சொல் அது.

"மதினி, நான் என்னா செஞ்சேன்?"

அதைக் கேட்டது ஸஹ்ராவின் குரல்தான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எது அவள், எது மற்றது என்று எப்படிப் பிரிப்பது?

"ஒண்ணும் செய்யல்ல. போய்ப் படு."

"புள்ள இல்லாம எப்படிப் படுக்குற?"

குழந்தை தாயின் குரலைக் கேட்டுவிட்டான். கதவின் பக்கம் தாவி அழத் தொடங்கினான். மழையும் அந்த நேரம் பார்த்துத் தகரத்தில் கொட்டியது.

*

முதலில் ஹோர்ன் சத்தம். நீளமாக, விடாமல். பிறகு டயர் இழுபடுகிற சத்தம். பிறகு வீடே ஒருமுறை எழும்பி உட்கார்ந்தது.

பீங்கான்கள் விழுந்து நொறுங்கின. சுவர் மேலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து றுஸ்னாவின் தலையில் கொட்டியது. பல்பு போய்விட்டது.

"யா அல்லாஹ்!"

இருட்டு என்றால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றான இருட்டு. றுஸ்னா எழும்பினாள். இடுப்பைத் தடவினாள். சாவி இல்லை. எங்கோ கீழே 'கிளிங்' என்றது. குனிந்து தேடலாம் என்றால் கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. குழந்தை வீரிட்டான். அவன் வாயில் சுண்ணாம்புத் தூள் போய்விட்டதோ? நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்குவது போல இருந்தது. மூச்சு மேலே வந்தது, உள்ளே போகவில்லை. இப்படியே செத்துவிடுவேன், பிள்ளையும் என் கையிலேயே கிடப்பான், கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது, பூட்டினது நான்.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக, அந்தக் குரல் வந்தது.

"மம மெத்தன இன்னே."

றுஸ்னா பின்னால் நகர்ந்து மூட்டையில் மோதி விழுந்தாள். குழந்தையை விடவில்லை.

"மம மெத்தன இன்னே. மம மெத்தன இன்னே."

"போ!" என்று கத்தினாள் றுஸ்னா. "போயிடு! இந்தப் புள்ள ஒனக்கு என்னா செஞ்சிச்சு?"

அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. பிறகு, தமிழில், பல் கிட்டிக்கொண்டு:

"மதினி. நான்தான். ஸஹ்ரா. நான் இங்கதான் இருக்கேன். புள்ள மூச்சு விடுறானா?"

"விடுறான். கத்துறானே, கேக்கல்லியா?"

"கேக்கல்ல. எனக்குக் காது அடைச்சிப் போச்சு. ங்ங்ன்னு கேக்குது, ஒங்கட சத்தம் மட்டும் எங்கயோ தூரத்துல கேக்குது. நீங்க சத்தமாப் பேசுங்க. ஒங்களுக்கு என்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல்ல! இருட்டு!"

"சரி. சரி. கையில என்னா படுது?"

"புள்ள."

"புள்ளையில எது?"

இது என்ன கேள்வி என்று றுஸ்னாவுக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் கை பார்த்தது. "தல. முடி வேர்த்து ஈரமா ஈக்குது."

"இன்னும்?"

"முதுகு. நெஞ்சு அடிக்குது. சின்னதா, படபடன்னு."

"அவன்ட தலைய மோந்து பாருங்க."

றுஸ்னா குனிந்தாள். பால், வியர்வை, காலையில் தடவிய தேங்காயெண்ணெய். அதற்காக இழுத்த மூச்சு எப்படியோ உள்ளே போய்விட்டது. அது போனது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"மதினி, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"என்னா கேக்குது? சொல்லுங்க. மண்ணுச் சத்தம் கேக்குதா?"

"என்னா மண்ணு?"

"மண் வர்ற சத்தம். மொதல்ல கல்லு உருளும். பொறகு லொறி வர்ற மாதிரியே வரும். மதினி, நான் வெளையாட்டுக்குக் கேக்கல்ல. என்னால கேக்க முடியல்ல. நீங்க கேட்டுச் சொல்லுங்க. மண்ணா?"

றுஸ்னாவுக்கு அப்போது விளங்கியது, கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதும் பயம்தான் என்று. தன்னுடையதை விடப் பெரிய பயம். அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே காதைக் கொடுத்தாள்.

"மழை," என்றாள். "தகரத்துல மழை."

"பொறகு?"

"ரோட்டுல ஆக்கள் கத்துறாங்க. ஒருத்தன் பிரேக் புடிக்கல்லன்னு சொல்றான். மங்களம் 'ஐயோ என் மெஷினு'ங்குறா. லொறி ஸஹ்ரா. கரண்ட் போஸ்ட்ல அடிச்சிருக்கு."

"லொறியா?"

"லொறிதான்."

"மண்ணு மணக்கல்லியே? பச்ச மண்ணு?"

றுஸ்னா இருட்டை மோந்து பார்த்தாள். "டீசல் மணக்குது. சுண்ணாம்பு மணக்குது. கராம்பு. மண்ணு இல்ல. என்ட உம்மா மேல சத்தியம், மண்ணு இல்ல."

கதவுக்கு அந்தப் பக்கம் ஸஹ்ரா அழுதாள். றுஸ்னா ஒரு கையைத் தரையில் வைத்தாள். சீமெந்து குளிர்ந்திருந்தது. பாயின் ஓரம், பால் போத்தல், ரப்பர் வாத்து ஒன்று, பிறகு சாவி.

*

கதவைத் திறந்தபோது, வாசல் வெளிச்சத்தில், ஸஹ்ரா நிலையில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் நிறையக் கராம்பு. உதடு வீங்கியிருந்தது. கையை நீட்டவில்லை, நீட்டினால் தரமாட்டார்களோ என்ற பயம் கண்ணில் நின்றது.

றுஸ்னா அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்ஹர் வைத்த ஆணை ஞாபகம் வந்தது. குழந்தையை அவள் மடியில் வைத்தாள்.

அவன் உடனே குடிக்கத் தொடங்கினான். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருடி ஒனக்கு இதச் சொல்லித் தந்தது?"

"எத?"

"இந்த 'மட்ட பேனவா'வ."

ஸஹ்ரா கராம்பை உள்ளங்கையில் துப்பினாள். "ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குல ஒரு மிஸ். புள்ளைக்கு நிறை பார்க்கப் போறேன்னு போனேனே, அது ரெண்டு தடவதான் நிறை பார்க்க. மத்ததெல்லாம் என்னக் காட்ட. நெஞ்சு அடைக்கக்குள்ள கண்ணுக்குத் தெரியுறத வாயால சொல்லணுமாம். பொறகு கேக்குறது, தொடுறது, மணக்குறது. கடைசியில நாக்குல ஏதாச்சும் வெக்கணுமாம். அப்ப ஒடம்பு நம்புமாம், நாம அந்த எடத்துல இல்ல, இங்க ஈக்குறோம்னு."

"அதத் தமிழ்ல சொன்னா ஆகாதா?"

"தமிழ்ல சொன்னா அழுக வருது மதினி. செவருன்னு சொன்னா எங்கட வீட்டுச் செவருதான் வருது. சிங்களத்துல சொன்னா அது வெறும் செவரு."

"வீட்டுல ஒரு வார்த்த சொன்னா என்னா?"

"அந்தக் கிளினிக்குக்குப் போறேன்னு தெரிஞ்சா பைத்தியம்னு நெனப்பீங்கன்னு பயந்தேன்."

"பைத்தியம்னு ஆரு நெனச்சா? நான் பேய்ன்னுதான் நெனச்சேன்."

ஸஹ்ரா நிமிர்ந்து பார்த்தாள். அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது, குழந்தை திடுக்கிட்டுக் குடிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினான். பிறகு அவள் முகம் மாறியது.

"அந்தக் கடைசி வார்த்த மட்டும் மிஸ் தந்தது இல்ல மதினி."

"எது?"

"மம மெத்தன இன்னே."

"ஆரு சொன்னது?"

"குசுமா அக்கா. அன்டைக்கு மண்ணுக்குள்ள, செவருக்கு அந்தப் பக்கம் அவங்க இருந்தாங்க. நான் கத்திக்கிட்டே இருந்தேன். 'பய வென்ன எப்பா நங்கி, மம மெத்தன இன்னே'ன்னாங்க. பயப்படாத தங்கச்சி, நான் இங்கதான் இருக்கேன்னு. புள்ள சூடா ஈக்குறானான்னு கேட்டாங்க. மூச்சு விடுறானான்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லச் சொல்ல இன்னொன்னு கேட்டாங்க. பொறகு..." அவள் குழந்தையின் காதைத் தடவினாள். "பொறகு கேக்கல்ல. நான் பதில் மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அப்போ நான் பயந்தது முழுக்கப் பொய்யில்லை என்று றுஸ்னா நினைத்தாள். இந்த வீட்டுக் குசினியில் பேசியது குசுமாவதியுடைய வார்த்தைதான். ஆனால் அது யாரையும் பிடிக்க வரவில்லை. பிடித்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறது.

"வாயக் கொப்புளி," என்றாள். "உதடு வெந்து போயிருக்கு. ஒண்டு போதும்டி, ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டா கராம்பு விக்கிற வெலைக்கு நான் என்னா செய்யுற?"

வாசலில் மங்களேஸ்வரி குடையோடு வந்து நின்றாள். "உசுரோட இருக்கீங்களா எல்லாரும்? லொறிக்காரன் போஸ்ட்டச் சாச்சிட்டான். என் வீட்டுப் படிக்கட்டு போச்சு, ஆனா மெஷினுக்கு ஒன்னும் ஆகல." ஸஹ்ராவின் மடியில் குழந்தையைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். "றுஸ்னா... புள்ளைய..."

"தாய்கிட்ட ஈக்குது மங்களம். வேற யாருகிட்ட இருக்கணும்?"

*

மழை விட்டபோது அம்ஹரின் அழைப்பு வந்தது.

"ராத்தா! ரோட்டு அடைச்சிருக்காம், நம்ம வீட்டுக்கு முன்னுக்குத்தானாம். ஒங்களுக்கு ஒண்ணுமில்லியே? புள்ள ஒங்ககிட்டதானே?"

"ஸஹ்ராகிட்ட."

"ராத்தா! நான் ஆணை வெச்சேனே!"

"நீ வெச்ச ஆணைய நீ வந்து எடுத்துக்க. வந்து ஒன்ட பொஞ்சாதிகிட்ட ஒக்காந்து, அன்டைக்கு மண்ணுக்குள்ள என்னா நடந்திச்சுன்னு கேளு. ஒரு நாளாவது கேட்டியா? நானும் கேக்கல்ல."

"அப்ப லெப்பைய வர வேணாம்னு சொல்லவா?"

"ஏன் வேணாம்? வரட்டும். ஓதட்டும். எனக்கும் சேத்து ஓதச் சொல்லு, என்ட நெஞ்சு இன்னும் ஒரு நெலைக்கு வரல்ல."

"ராத்தா, அவ இன்னும் அந்தச் சிங்களம்..."

ரோட்டில் வழி விட்டுவிட்டார்கள் போலும். மறித்து வைத்திருந்த லொறிகளில் முதலாவது உறுமிக்கொண்டு வந்தது. தப்பிய பீங்கான்கள் அலுமாரியில் கிலுகிலுத்தன. தரை பாதத்தின் கீழ் நடுங்கியது. ஸஹ்ரா குழந்தையை அணைத்துக் கண்ணை மூடினாள். றுஸ்னாவின் நெஞ்சிலும் அந்த ஈரத்துணி மறுபடி முறுக்கியது. இனி ஒவ்வொரு லொறிக்கும் இது வருமோ? அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் நின்றது.

"மட்ட எஹெனவா," என்றாள் றுஸ்னா. "லொறிய."



"ராத்தா?" அம்ஹரின் குரல் மெலிந்து வந்தது. "இப்பப் பேசினது... நீங்களா?"

"நான்தான்டா," என்றாள் அவள், சுவரிலிருந்து கையை எடுக்காமல். "பயப்படாத. நான் இங்கதான் இருக்கேன்."